மலிவுக் கூடை விளையாட்டுகளும் தம்பியின் வலது கையும்

செப்டம்பர் 6, சனி

வீடியோ கேம் பெட்டி வந்துவிட்டது. நான்தான் வாங்கினேன் என்று எழுதவே கூச்சமாக இருக்கிறது. நாற்பத்தேழு வயது. மூக்குக்கண்ணாடிக் கடையில் பத்தொன்பது வருடமாக அடுத்தவர்களின் கண்ணைச் சோதிக்கிற வேலை. நேற்று வரை இந்த மாதிரிச் சாமான்களைத் தூசி தட்டக்கூடத் தொட்டதில்லை.

எல்லாம் தம்பியின் மணிக்கட்டுக்காக. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். தினமும் நாற்பது மீட்டர் ஏறி, நாற்பது மீட்டர் இறங்குகிறவன், இறங்கும்போது கடைசி ஒற்றைப் படியில் போனைப் பார்த்துக்கொண்டே காலை வைத்து, வலது கையை ஊன்றி விழுந்தான். கைக்குள் ஒரு தகடு, ஆறு திருகாணி. தனியாக இருக்கிறவன், யார் பார்ப்பார்கள் என்று என் வீட்டுக்கு அழைத்து வந்தேன். கட்டுப் பிரித்துப் பதினைந்து நாளாகிறது. இன்னும் அந்தக் கையை வயிற்றோடு அணைத்தபடி சோபாவில் உட்கார்ந்திருக்கிறான், யாரோ பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள் போல.

பயிற்சி செய்யச் சொன்னால் ஆயிரம் சாக்கு. பிசியோதெரபிப் பெண்தான் சொன்னாள்: "விளையாட்டா ஏதாவது பண்ண வைங்க மேடம். கை அசையணும், அவ்வளவுதான்." நான் அதை அப்படியே எடுத்துக்கொண்டேன்.

பழைய மின்சாமான் விற்கிற கடைக்காரர் பெட்டியை ஊதித் தூசியை என் முகத்தில் ஏற்றினார். "ஒரு காலத்துல எல்லார் வீட்லயும் இருந்துச்சு மேடம். இந்தக் குச்சியக் கையில பிடிச்சு ஆட்டுங்க, திரையில இருக்கறவன் ஆடுவான்." பக்கத்தில் ஒரு கூடை நிறைய டிஸ்க். எது எடுத்தாலும் ஒரே விலை. பதினொன்று எடுத்தேன். மலிவு என்றால் எனக்குக் கை நிற்காது.

தம்பி பார்த்துவிட்டுக் கேட்டான்: "இது யாருக்கு?"

செப்டம்பர் 7, ஞாயிறு

டி.வி.க்கு மேல் வைக்க ஒரு பட்டை வேண்டுமாம். பெட்டியில் இல்லை. அது இல்லாமல் குச்சி எங்கே நீட்டுகிறது என்று பெட்டிக்குத் தெரியாது. கடைக்காரருக்குப் போன் செய்தேன். "அப்படியா? ரெண்டு மெழுகுவத்தி ஏத்தி டி.வி. முன்னாடி வைங்க மேடம், போதும்." கிண்டல் செய்கிறார் என்று நினைத்தேன். ஜன்னல் திரையை இழுத்து மூடிவிட்டு ஏற்றினேன். வேலை செய்கிறது! உலகத்தில் எனக்குப் புரியாதது நிறைய இருக்கிறது.

"டி.வி.க்கு இன்னிக்கு என்ன வயசு?" என்றான் தம்பி.

முதல் டிஸ்க்: குடும்ப விளையாட்டு மேளா. அட்டையில் பன்னிரண்டு விளையாட்டு என்று போட்டிருக்கிறது. எண்ணிப் பார்த்தேன், ஒன்பது. மீதி மூன்று, அதே ஓட்டப்பந்தயம்தான், மழையில், வெயிலில், பனியில். டென்னிஸ் ஆடினேன். நான் வீசி, கையை இறக்கி, ஒரு பெருமூச்சும் விட்ட பிறகு திரையில் இருக்கிறவள் வீசுகிறாள். பந்து எப்போதோ போய்விட்டது. பார்வையாளர்கள் அட்டையில் வெட்டிய தலைகள். நான் தோற்றால் கைதட்டுகிறார்கள். ஜெயித்தால் என்ன செய்வார்கள் என்று தெரிந்துகொள்ள வாய்ப்பே கிடைக்கவில்லை.

தம்பி இரண்டு தடவை வீசினான். வீசினான் என்றால் — குச்சியை மடியிலிருந்து தூக்கி மறுபடி மடியில் வைத்தான்.

"போதும்க்கா, சுருக்குனு இழுக்குது."

செப்டம்பர் 9, செவ்வாய்

இன்றைய டிஸ்க், குதிரை ஆஸ்பத்திரி. குதிரைக்கு ஊசி போட வேண்டும். குச்சியைக் கத்தி மாதிரிக் குத்தினால்தான் ஏறுகிறது. மென்மையாகப் போட்டால் 'குதிரைக்கு வருத்தம்' என்று எழுத்து வருகிறது. எனக்கும்தான்.

செப்டம்பர் 12, வெள்ளி

முதலாளியம்மா உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார். வேறு ஊரில் புதுக் கடை திறக்கிறார்களாம். நவம்பர் முதல் வாரம். "பொறுப்பு முழுக்க உங்களுக்குத்தான். கண் சோதிக்கற அறையக்கூட நீங்க சொல்ற மாதிரிதான் கட்டப் போறேன்." பத்தொன்பது வருடமாக ஒரு அலமாரிக்கும் கைகழுவும் தொட்டிக்கும் நடுவில் நின்று எழுத்துப் பலகையைக் காட்டிக்கொண்டிருக்கிறேன். எனக்கென்று ஒரு அறை.

அக்டோபர் கடைசி வரை பொறுப்பாராம். அதற்கு மேல் இன்னொருத்தரைப் பார்ப்பாராம். அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

தம்பியிடம் சொல்லவில்லை. சொன்னால் 'போ அக்கா, நான் பாத்துக்கறேன்' என்பான். என்னத்தைப் பார்த்துக்கொள்வான்? சட்டைப் பொத்தானே நான்தான் போட்டுவிடுகிறேன். கை சரியானால் போகலாம். ஆகாவிட்டால்... எழுதப் பிடிக்கவில்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

கடைக்காரர் ஒரு பட்டையைத் தேடிக் கொடுத்துவிட்டார். மெழுகுவத்தி வேலை முடிந்தது. டி.வி. மேஜையில் மெழுகு சிந்தியதைச் சுரண்ட அரை நாள்.

இன்று மூன்று டிஸ்க். முதலில் ரகசிய உளவாளி. உளவாளி என்னைப் பார்த்தபடியே சுவருக்குள் நடந்துபோய்விட்டான். திரும்பி வரவில்லை. ரகசியம் என்றால் இப்படித்தான் போல. அடுத்தது சமையல் ராணி. வெங்காயம் நறுக்கக் குச்சியை நூற்றிருபது தடவை ஆட்ட வேண்டும். சமையலறையில் நிஜ வெங்காயம் காத்துக்கொண்டிருக்க, இங்கே நின்று காற்றை நறுக்குகிறேன். மூன்றாவது பேய் மாளிகைப் பந்துருட்டல். இது கொஞ்சம் தேவலாம். பந்து உருளுகிறது. பேய்கள் விழுகின்றன.

எல்லாவற்றிலும் எழுத்து அவ்வளவு பொடி. என் கடைப் பலகையில் கடைசி வரிக்கும் கீழே இன்னொரு வரி வைத்தால் இப்படி இருக்கும். இதைச் செய்தவர்கள் ஒரு தடவையாவது சோபாவில் உட்கார்ந்து பார்த்திருப்பார்களா?

தம்பி பேயை உருட்டினான். நாற்பத்தோரு புள்ளி. "டேய், உள்ளங்கைய மேல திருப்பி விடுடா, அதுதானே அந்தப் பொண்ணு சொன்னா" என்றேன். "நீ நின்னு பாத்தா எனக்கு வராதுக்கா" என்றான்.

சரி ராசா, பார்க்கவில்லை.

செப்டம்பர் 16, செவ்வாய்

வேலையிலிருந்து வந்தால் திரையில் பேய் மாளிகை. நூற்றுப்பத்து! "நீயா போட்ட?" என்றால், "வேற யாரு, பேயா?" என்கிறான்.

செப்டம்பர் 21, ஞாயிறு

நூற்று நாற்பத்தெட்டு. நான் வீட்டில் இருக்கும்போது மட்டும் விளையாட மாட்டேன் என்கிறான். காலையிலேயே கை களைத்துவிட்டதாம். இருக்கட்டும், எப்போது செய்தால் என்ன.

புது டிஸ்க், தங்க மீன் ஏரி. தூண்டிலைப் போட்டுவிட்டு நிஜமாகவே இருபது நிமிடம் காத்திருக்க வேண்டும். கடைசியில் மீன் வந்தது. அதற்குள் குச்சியின் பேட்டரி தீர்ந்தது.

செப்டம்பர் 27, சனி

நூற்றெண்பத்திரண்டு! சோபாவில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறான், பெரிய சாம்பியன். நானும் தலைகால் தெரியாமல் சந்தோஷப்பட்டேன். முதலாளியம்மாவிடம், "வர முடியும்னு நினைக்கறேன் மேடம்" என்று சொல்லிவிட்டேன். மதியம் முழுவதும் என் புது அறையில் எழுத்துப் பலகையை எந்தச் சுவரில் மாட்டுவது என்றே யோசித்தேன். வந்தவர்களில் ஒருவருக்கு இடது கண்ணுக்குப் பதில் வலது கண்ணை இரண்டு தடவை சோதித்தேன்.

அக்டோபர் 1, புதன்

என்னத்தைச் சொல்ல.

பிசியோதெரபிப் பெண் கோணமானியை வைத்து அளந்தாள். இன்னொரு தடவை அளந்தாள். "உள்ளங்கை மேல திரும்பறது முப்பது டிகிரி. போன தடவையும் முப்பதுதான். வீட்ல எதுவுமே செய்யலையா?"

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. எங்க வீட்டுப் பிள்ளையையா சொல்ற? "என்னம்மா இப்படிக் கேக்கறீங்க? தினம் விளையாடறான். பந்துருட்டல்ல நூத்தெண்பத்திரண்டு!"

அவள் என்னைப் பார்க்கவில்லை. அவனைப் பார்த்தாள்.

"எந்தக் கையில சார்?"

தம்பி மின்விசிறியைப் பார்த்தான். அது ஓடவே இல்லை.

எந்தக் கையில! இரண்டு வாரம்! இரண்டு வாரம் இடது கையில் உருட்டி உருட்டி எனக்குப் புள்ளி காட்டியிருக்கிறான். அடுத்தவர்கள் கண்ணைச் சோதிக்கிறேன் பேர்வழி என்று பெருமை வேறு. என் கண் எங்கே போச்சு? திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் பேசினேன். கீழ் வீட்டு அம்மா வெளியே வந்து மாடியைப் பார்க்கும் அளவுக்குப் பேசினேன். "உன் கை, உன் வேலை, யாரை ஏமாத்தற? சின்னப் புள்ளையாடா நீ? ஏன்டா இப்படிப் பண்ற? என்னைப் பாத்தா உனக்கு எப்படித் தெரியுது?"

உள்ளே போய்ப் படுத்துக்கொண்டான்.

அக்டோபர் 2, வியாழன்

சட்டைப் பொத்தானை மட்டும் போட்டுவிட்டேன். முகத்தைப் பார்க்காமல்.

அக்டோபர் 4, சனி

இன்று காலை அவனே வந்தான். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

"முதலாளியம்மா போன் பண்ணினாங்க."

"எப்போ?"

"போன மாசம் பதினஞ்சாம் தேதி. நீ குளிச்சிட்டு இருந்த. நான்தான் எடுத்தேன். அந்த ஊர்ல உனக்கு வீடு பாக்கறாங்களாம், மாடியா கீழயான்னு கேட்டாங்க. எனக்குத் தெரியும்னு நினைச்சுட்டாங்க போல."

கையில் இருந்த போர்வையை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன்.

"புள்ளி ஏறினா கை சரியாயிடுச்சுன்னு நீ கிளம்பிடுவேன்னு நினைச்சேன்க்கா. நீ போன அப்புறம் மெதுவாப் பாத்துக்கலாம்னு."

இதை எழுதும்போது முந்தைய பக்கங்களைப் புரட்டிப் பார்த்தேன். பதினாறாம் தேதிதான் முதல் நூற்றுப்பத்து. இங்கேயே எழுதி வைத்திருக்கிறேன், என் கையெழுத்தில்.

"சரி, நிஜமாவே வலது கையில ஆடியிருக்கலாமேடா, அறிவுகெட்டவனே."

அவன் அந்தக் கையை மறுபடி வயிற்றோடு அணைத்துக்கொண்டான். "வலி இல்லக்கா. வலியத் தாங்கிடுவேன். உள்ள அந்தத் தகடு நகந்துடுமோன்னு பயமா இருக்கு. ஒருக்கா நகந்துட்டா அப்புறம் மேல ஏறவே முடியாதில்ல."

நாற்பத்துமூன்று வயது ஆம்பிளை. முப்பது டன் பெட்டியைக் கப்பலுக்குள் அலுங்காமல் இறக்குகிறவன். கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. போர்வையில் முகத்தைப் புதைத்து அழுதேன். அவன் பக்கத்தில் உட்கார்ந்து இடது கையால் துணி மடித்தான். ஒன்றுகூட உருப்படியாக மடியவில்லை. அவன் போன பிறகு எல்லாவற்றையும் பிரித்து மறுபடி மடித்தேன்.

எனக்காகத்தான் செய்தான். அதற்காக மன்னித்துவிட்டேன் என்று அர்த்தம் இல்லை. போன் வந்ததைச் சொல்லியிருக்கலாம். நானும்தான் சொல்லியிருக்கலாம்.

அக்டோபர் 5, ஞாயிறு

மிச்சமிருந்த டிஸ்க்குகளில் எரிச்சலோடு ஒன்றை எடுத்துப் போட்டேன். ஐந்து நட்சத்திர சர்வர். இதுவரை பார்த்ததிலேயே மகா மட்டம். குச்சியை விரித்த உள்ளங்கையில் தட்டு மாதிரி ஏந்த வேண்டும். திரையில் ஒரு சர்வர், அவன் தட்டில் மூன்று கண்ணாடி டம்ளர். தட்டு சாயாமல் மேஜைக்குக் கொண்டுபோக வேண்டும். நான் கையைச் சாய்த்தால் தட்டு உடனே சாய்வதில்லை. சாவகாசமாக யோசித்துவிட்டுச் சாய்கிறது. அதற்குள் நான் பயந்து மறுபக்கம் சாய்த்திருப்பேன். அப்புறம் அதையும் சேர்த்துச் சாய்க்கிறது. டம்ளர் எல்லாம் தரையில். முதல் மேஜையைக்கூடத் தொட முடியவில்லை. பதினான்கு தடவை. சாப்பிட வந்தவர்களுக்கு முகமே வரையவில்லை, அதனால் அவர்களுக்குக் கோபமும் இல்லை.

"குலுக்காத" என்றான் தம்பி, சோபாவிலிருந்து.

"நான் எங்கடா குலுக்கறேன்? இதுக்குத்தான் காது கேக்கல."

"லேட்டாக் கேக்குது. கிரேன் கயித்துல தொங்கற பெட்டியும் லேட்டாத்தான் கேக்கும். அது ஆடினா எதிர்ப்பக்கம் இழுக்கக் கூடாது. அது போற பக்கமே கொஞ்சம் கூடவே போகணும். தானா அடங்கும்."

"அப்ப நீயே வந்து பரிமாறு."

இடது கையில் வாங்கினான். மூன்று டம்ளரும் போயின. மறுபடி. மறுபடி. பல்லைக் கடித்தான். கிரேன்காரனுக்குச் சுமை கீழே விழுவதைப் பார்க்க முடியாது போலிருக்கிறது, அது பொம்மை டம்ளராக இருந்தாலும். "இந்தக் கைக்கு ஒண்ணுமே தெரியாது" என்று முணுமுணுத்துவிட்டுக் குச்சியை வலது கைக்கு மாற்றினான்.

நான் ஓரமாக நகர்ந்து நின்றேன்.

உள்ளங்கை பாதிதான் திரும்பியது. மீதியைத் தோளையும் இடுப்பையும் வளைத்துச் சரிக்கட்டினான். ஆள் முழுவதும் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றான். ஆனால் தட்டு நேராக இருந்தது. டம்ளர் ஆடியது, அவன் அதோடு கூடவே போனான், அடங்கியது. முதல் மேஜை. இரண்டாவது மேஜை. நெற்றியெல்லாம் வியர்வை.

"தகடு?" என்றேன்.

"அங்கதான் இருக்கு."

அக்டோபர் 8, புதன்

இன்று புதிதாக ஒரு எக்ஸ்ரே எடுத்தார்கள். பிசியோதெரபிப் பெண் அதைத் திரையில் போட்டு ஆறு திருகாணியையும் ஒவ்வொன்றாக எண்ணச் சொன்னாள். தம்பி எண்ணினான். மறுபடி எண்ணினான். "ஆட்டினா நகராது சார். ஆட்டாம இருந்தாத்தான் கை இப்படியே நின்னுடும்." இதை முதல் நாளே யாராவது இவனிடம் சொல்லியிருக்கக் கூடாதா? நானாவது கேட்டிருக்கக் கூடாதா?

முழங்கை இடுப்பை விட்டு விலகக் கூடாது என்று அவளுடைய உத்தரவு. உடம்பைச் சாய்த்துத் திருட்டுத்தனம் செய்யக் கூடாது. காவலுக்கு நான்.

அக்டோபர் 11, சனி

காவல் என்றால் காவல்தான். ஒரு துண்டைச் சுருட்டி அவன் முழங்கைக்கும் இடுப்புக்கும் நடுவில் வைத்தேன். விழுந்தால் ஆட்டம் செல்லாது. ஒரு மணி நேரத்தில் பதினேழு தடவை விழுந்தது. "நீ அக்காவா, மேஸ்திரியா?" என்று கத்தினான். நானும் கத்தினேன். வலிக்கும்போது உதட்டைக் கடிக்கிறான், பார்க்கச் சகிக்கவில்லை. போய்ச் சமையலறையில் நின்றேன். அப்போதும் அங்கிருந்து, "துண்டு!" என்று கத்தினேன்.

அக்டோபர் 15, புதன்

நாற்பத்தெட்டு டிகிரி. அவள் இரண்டு தடவை அளந்தாள். நான் மூன்றாவது தடவை அளக்கச் சொன்னேன்.

அக்டோபர் 19, ஞாயிறு

ஐந்து நட்சத்திர சர்வரில் ஒன்பதாவது மேஜை வரை போய்விட்டான். பத்தாவது மேஜையே கிடையாது. அட்டையில் முப்பது மேஜை என்று போட்டிருக்கிறது. ஒன்பது முடிந்ததும் திரை நீலமாகிப் பெட்டி தானாக அணைந்துவிடுகிறது. அவனுக்குக் கோபம் தாங்கவில்லை. "இத செஞ்சவன் எங்க இருக்கான்?" என்கிறான். இவ்வளவு நாளாக நான் கேட்ட கேள்வி அதுதானே!

மறுபடி முதல் மேஜையிலிருந்து ஆரம்பித்தான்.

பொத்தான்களை இன்று அவனே போட்டுக்கொண்டான். ஒன்று மாற்றிப் போட்டிருந்தான். நான் சொல்லவில்லை.

அக்டோபர் 24, வெள்ளி

துறைமுக டாக்டரிடம் போனோம். உடனே மேலே ஏற்ற மாட்டார்களாம். ஆறு வாரம் தரையில் வேலை, சரக்குப் பெட்டிகளின் எண்களைச் சரிபார்ப்பது. அதன் பிறகு பயிற்சிக்கு வைத்திருக்கிற பொய்க் கிரேனில் உட்கார வைத்துப் பார்ப்பார்களாம். "அதுவும் வீடியோ கேம்தானேடா?" என்றேன். முறைத்தான்.

பாதிதான் கிடைத்தது. நான் முழுசாக வேண்டியிருந்தேன். வெளியே வந்து இருவரும் பெஞ்சில் உட்கார்ந்தோம். கிரேன்கள் அவ்வளவு உயரம் என்று எனக்கு இத்தனை வருடம் தெரியாது.

"இன்னும் ஆறு வாரம் நான் இருக்கேன்" என்றேன். "முதலாளியம்மாகிட்ட சொல்லிடறேன்."

"சொல்லிட்டேன்."

"என்ன சொல்லிட்ட?"

"மாடி வீடு போதும்னு. காத்து நல்லா வருமாம்."

அடிக்கக் கை ஓங்கினேன். அவன் வலது கையால் தடுத்தான்.

அக்டோபர் 30, வியாழன்

மூட்டை கட்டுகிறேன். எதை எடுப்பது, எதை விடுவது என்று ஒன்றும் ஓடவில்லை. அவன் இந்த வீட்டிலேயே இருக்கப் போகிறான், இங்கிருந்து துறைமுகம் பக்கம். கேஸ் எங்கே மூடுவது, கீழ் வீட்டு அம்மா எதற்கெல்லாம் கோபப்படுவார், தண்ணீர் எப்போது நிற்கும் என்று ஒரு தாள் எழுதிக் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினேன். இரண்டு பக்கம் வந்துவிட்டது. "புத்தகமா போட்டுடு" என்றான்.

நவம்பர் 1, சனி

ரயிலில் எழுதுகிறேன். வண்டி ஆடுவதால் எழுத்துக் கோணல்.

ஸ்டேஷனில் ஒரே கூச்சல். நான் ஏற வேண்டிய ரயில் பெட்டி நடைமேடையின் அந்தக் கோடியில் நின்றது. ஓடினோம். "சீக்கிரம் கிளம்பலாம்னு அப்பவே சொன்னேன்" என்று நான் கத்த, "கண்ணாடிய மூணு தடவ தேடினது யாரு?" என்று அவன் கத்த, பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் வேடிக்கை பார்த்தார்கள். என் பெரிய பெட்டியில் லென்ஸ் டப்பாக்கள், இரும்பு மாதிரிக் கனம். அவன் ஏறி அதை என் தலைக்கு மேலே பலகையில் தள்ளி வைத்துவிட்டு இறங்கினான். ஜன்னல் வழியாக, தண்ணீர் வாங்கினாயா, போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு, யாரோடும் சண்டை போடாதே என்று அடுக்கிக்கொண்டே போனான். நானும் சாப்பாட்டைப் பற்றி என்னவோ சொன்னேன். வண்டி நகர்ந்துவிட்டது.

இரண்டு ஸ்டேஷன் தாண்டிய பிறகுதான் நினைவு வந்தது. பெட்டியை எந்தக் கையால் தூக்கினான் என்று நான் பார்க்கவே இல்லை.